பிள்ளைகள் பேசுகிற மாதிரியே கட்டுரை எழுதினால் எப்படித் திருத்துகிறீர்கள்?

எட்டாம் வகுப்பு ஆ பிரிவு

வணக்கம். அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருக்கிறேன், இது ஒன்பதாவது வருடம். ஏழு, எட்டு, ஒன்பது சேர்த்து ஐந்து பிரிவு, 190 பிள்ளைகளுக்குப் பக்கத்தில். கட்டுரை நோட்டு திருத்துவதைப் பற்றிக் கேட்கத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் 'வீட்டு விலங்குகள்' என்று ஒரு தலைப்புக் கொடுத்தேன். வழக்கம்போல முக்கால்வாசிப் பேர் நோட்ஸைப் பார்த்து முன்னுரை, பயன்கள், பாதுகாக்கும் முறை, முடிவுரை என்று எழுதிக் கொண்டுவந்தார்கள். இருபது நோட்டில் ஒரே வாக்கியம், ஒரே இடத்தில் ஒரே பிழைகூட. நடுவில் ஒரு பையன் நோட்டு. வகுப்பில் வாயே திறக்காத பையன், மாதத்தில் நாலைந்து நாள் வரமாட்டான். அவன் எழுதியது மொத்தமே இவ்வளவுதான், அப்படியே தருகிறேன்:

"எங்க வெல்லாடு நேத்து ராத்திரி குட்டி போட்டுச்சி. ரென்டு. ஒன்னு பொறக்கும்போதே செத்துப்போச்சி. அம்மா அத பழய சேலைல சுத்தி வேப்பமரத்துக்கு கீழ பொதச்சாங்க. தாயாடு விடியிர வரைக்கும் அங்கயே நின்னுச்சி. நா கூப்டேன் வரல."

அன்று எனக்கு வேலை நெருக்கடி. எல்லா நோட்டையும் போல இதையும் சிவப்பு மையால் வட்டம் போட்டுத் திருத்திவிட்டேன். வெள்ளாடு, இரண்டு, ஒன்று, புதைத்தார்கள், நின்றது என்று மேலே மேலே எழுதி, கீழே 'பேச்சு வழக்கில் எழுதாதே, முன்னுரை முடிவுரை எங்கே' என்றும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அடுத்த கட்டுரை அவன் கொண்டுவந்தபோது அழகாக முன்னுரை முடிவுரையோடு இருந்தது. பக்கத்து பையன் நோட்டைப் பார்த்து எழுதியது. பிழை குறைவு. அவனே சொந்தமாக எழுதியது ஒரு வரி இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் பழைய பக்கத்தைத் திருப்பிப் படித்தேன். அந்த வட்டங்களை எண்ணிப் பார்த்தேன், பதினான்கு. அன்று இரவு சரியாகத் தூக்கம் வரவில்லை.

என் கேள்வி இதுதான். இப்படி எழுதுகிற பிள்ளையிடம் எதைத் திருத்துவது, எதை விடுவது? விட்டால் பத்தாம் வகுப்பில் மதிப்பெண் போகும் என்கிறார்கள். திருத்தினால் இப்படி ஆகிறது. 190 நோட்டை வைத்துக்கொண்டு நடைமுறையில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

வணக்கம் அம்மா. அந்தப் பையன் எழுதியதை நான்கு தடவை படித்தேன். 'தாயாடு விடியிர வரைக்கும் அங்கயே நின்னுச்சி' என்ற வரியை 34 வருடத்தில் எந்த நோட்டிலும் நான் பார்த்ததில்லை. நானும் உங்களைப் போலத்தான் திருத்திக்கொண்டிருந்தேன், ரொம்ப வருடம். அதனால் உங்களைக் குறை சொல்ல நான் யார்.

பின்னால் நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். அந்தப் பதினான்கு வட்டத்தையும் பிரித்துப் பாருங்கள், பதினான்கும் ஒரே சாதிப் பிழை இல்லை. 'போட்டுச்சி, செத்துப்போச்சி, பொதச்சாங்க, சேலைல, அத' இதெல்லாம் பிழையே இல்லை, அவன் வீட்டுத் தமிழ். அதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. அந்த ஒழுங்கிலிருந்து எழுத்துத் தமிழுக்குப் போக ஒரு பாதை காட்டினால் போதும். 'வெல்லாடு' உண்மையான எழுத்துப்பிழை. 'ரென்டு' என்பது இன எழுத்து தெரியாததால் வருவது. இந்த மூன்றையும் ஒரே சிவப்பு வட்டத்தில் போட்டால் பிள்ளைக்கு ஒன்றும் புரியாது, தனக்கு ஒன்றும் எழுதத் தெரியாது என்பது மட்டும்தான் புரியும்.

'ரென்டு' என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ட வந்தால் முன்னால் ண், த வந்தால் ந், ற வந்தால் ன். வண்டு, பந்து, கன்று. மூன்றே சொல், கரும்பலகை ஓரத்தில் ஒரு வாரம் அழிக்காமல் விடுங்கள். 'ந' பெரும்பாலும் சொல்லின் முதலிலும் 'த'வுக்கு முன்னாலும்தான் வரும், 'ன' சொல்லின் முதலில் வராது. அநியாயம், முந்நூறு மாதிரி சில இருக்கின்றன, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இதைத் தெரிந்துகொண்டால் ந, ன, ண பிழையில் பாதி தானாகப் போய்விடும். காதால் கேட்டு ந, ன வித்தியாசம் கண்டுபிடி என்று பிள்ளையிடம் கேட்பது நியாயமில்லை, நாமே இரண்டையும் ஒரே மாதிரிதான் உச்சரிக்கிறோம். ர, ற கதையும் அதுதான். கன்னியாகுமரிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்த வித்தியாசம் வாயிலேயே இருக்கும், மற்ற ஊர்களில் கண்ணால் பார்த்துப் பழகினால்தான் வரும்.

அப்புறம் 'ஒன்னு, நின்னுச்சி'. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, அதோடு 'கன்னு, பன்னி' என்று இன்னும் இரண்டு சேர்த்து, 'இதையெல்லாம் புத்தகத்தில் எப்படிப் போட்டிருக்கிறது, தேடிக்கொண்டு வா' என்று விட்டுவிடுங்கள். ஒன்று, நின்றது, கன்று, பன்றி. பேச்சில் ன்ன என்பது எழுத்தில் ன்ற ஆகிறது என்று அவனே சொல்வான். விதியை நாம் சொன்னால் மறந்துவிடும், அவன் கண்டுபிடித்தால் அடுத்த வகுப்புப் பையனுக்கும் போய்ச் சொல்வான்.

ஒரு நோட்டுக்கு ஒரு தடவையில் ஒரு வகைப் பிழை. அதற்கு மேல் நான் தொடமாட்டேன். திருத்தவும் மாட்டேன், வரி ஓரத்தில் ஒரு புள்ளி வைப்பேன், இந்த வரியில் ஒன்று இருக்கிறது, தேடு என்று அர்த்தம்.

பத்தாம் வகுப்பு எடுப்பவர்

டீச்சர், நீங்கள் எழுதியதைப் படித்தபோது மனசு கஷ்டமாக இருந்தது. ஆனால் ஐயா சொல்வதை முழுதாக ஒத்துக்கொள்ள என்னால் முடியவில்லை, கோபித்துக்கொள்ளக் கூடாது.

விடைத்தாள் திருத்தும் முகாமில் உட்கார்ந்து பாருங்கள். உதவித் தேர்வாளர் கையில் விடைக்குறிப்பு இருக்கும், எதிரில் கட்டு இருக்கும், அந்தப் பிள்ளை யார், அவன் வீட்டில் ஆடு இருக்கிறதா என்று அங்கே யாருக்கும் தெரியாது. எட்டு மதிப்பெண் கட்டுரைக்குக் குறிப்பு கொடுத்திருப்பார்கள், அந்தக் குறிப்பெல்லாம் தலைப்பாக வந்திருக்கிறதா என்றுதான் கண் முதலில் போகும். பேச்சு வழக்கில் எழுதியிருந்தால் ஒன்று, இரண்டு கொடுத்துவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவார்கள். எங்கள் பள்ளியில் 35க்கும் 40க்கும் நடுவில் நிற்கிற பிள்ளைகள் நிறைய. அவர்களுக்குக் கடிதம் 5, படிவம் 5, படம் பார்த்து எழுதுவது 5, கட்டுரை 8, இந்த 23 மதிப்பெண்ணும் உயிர். முன்பு தமிழுக்கு இரண்டு தாள் இருந்தபோது கட்டுரை, கடிதம், இலக்கணத்துக்கென்று இரண்டாம் தாள் தனியாக இருந்தது. 2019-20ல் ஒரே தாள் ஆனது. ஆன கையோடு கொரோனாவில் இரண்டு வருடம் தேர்வே இல்லை. 2022 மே மாதம்தான் அந்த ஒரே தாளைப் பிள்ளைகள் உட்கார்ந்து எழுதினார்கள், ஒன்றரை வருடம் பேனா பிடிக்காத பிள்ளைகள். அந்த வருடம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதிலிருந்து ஜனவரி வந்தால் மாதிரிக் கட்டுரை நாலைக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்துவிடுகிறேன்.

'காட்சியைக் கண்டு கவினுற எழுதுக' கேள்விக்கு எந்தப் படம் வந்தாலும் பொருந்துகிற மாதிரி நாலு வரி கவிதை ஊர் முழுக்கச் சுற்றுகிறது. அது தப்பு என்று எனக்குத் தெரியும். ஆனால் அதை எழுதித் தேறிய பிள்ளை இன்று ஐடிஐயில் சேர்ந்து படிக்கிறான். தேறாமல் போயிருந்தால் செங்கல் சூளைக்குத்தான் போயிருப்பான்.

ஈராசிரியர் பள்ளி

நான் தொடக்கப் பள்ளி. எங்களிடமிருந்து உங்களிடம் வருவதற்குள்ளேயே பாதி முடிந்துவிடுகிறது என்பதால் சொல்கிறேன்.

2022 ஜூனில் அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது, ஒன்று முதல் மூன்று வரைக்கும், பிறகு நான்கு, ஐந்துக்கும். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையை அதன் நிலையில் வைத்துக் கற்பிப்பது நல்ல விஷயம்தான், மூன்றாம் வகுப்பில் எழுத்தே தெரியாமல் பின்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் இன்று கூட்டி வாசிக்கிறார்கள், அதை நான் கண்ணால் பார்க்கிறேன். ஆனால் பயிற்சி நூலில் எழுதுவது என்றால் பெரும்பாலும் கோடிட்ட இடம், படத்துக்குப் பெயர், பார்த்து எழுதுதல். சொந்தமாக இரண்டு வரி எழுத இடம் குறைவு. கைபேசியில் மதிப்பீடு வேறு பதிவு செய்ய வேண்டும். பிள்ளை எழுத்தை அறிந்திருக்கிறதா என்று அதில் தெரியும், அது என்ன சொல்ல வருகிறது என்று எப்படித் தெரியும்?

நான் செய்வது ஒன்றுதான். காலையில் ஒரு பிள்ளையைச் சொல்லச் சொல்லி, அது சொல்வதை அப்படியே பலகையில் எழுதுவேன். 'எங்க ஆயா கீழ விழுந்துருச்சு' என்றால் அதேதான். எல்லோரும் சேர்ந்து வாசிப்போம். தான் சொன்னது எழுத்தாகி எல்லோர் வாயிலும் வருவதைப் பார்க்கிற அந்தப் பிள்ளையின் முகம் இருக்கிறதே. அதற்குக் கீழேயே 'எங்கள் ஆயா கீழே விழுந்துவிட்டார்' என்று எழுதுவேன். அடிக்க மாட்டேன், அழிக்க மாட்டேன். மேலே உள்ளது வீட்டுக்கு, கீழே உள்ளது புத்தகத்துக்கு. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளே அக்டோபருக்குள் கீழ் வரியை அவர்களாகச் சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள்.

இன்னொன்று, அஞ்சலட்டை. இன்றைக்கும் 50 காசுதான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வேறொரு பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுத வைக்கிறேன். வாங்கிப் படிக்கப்போகிறவன் முகம் தெரியாதவன், அவனுக்குப் புரிய வேண்டும் என்றால் எழுத்து சரியாக இருக்க வேண்டும் என்று நான் சொல்லாமலே தெரிந்துகொள்கிறார்கள். 'டீச்சர், இதுக்கு எந்த ள?' என்று எழுந்து வந்து கேட்கிறார்கள். கட்டுரை நோட்டு எழுதும்போது ஒருவன்கூட எழுந்து வந்து கேட்டதில்லை.

தையல் கடை

நான் ஆசிரியர் இல்லை. மகள் எட்டாவது படிக்கிறாள், அதனால் படித்தேன். ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

நான் அரசுப் பள்ளியில் பத்தாவது முடித்தவன். தமிழில் நல்ல மதிப்பெண். கடிதம், விண்ணப்பம் எல்லாம் அச்சு மாதிரி எழுதுவேன், 'அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள்' எல்லாம் இப்போதும் மறக்கவில்லை. நான்கு வருடம் முன்னால் எங்கள் அம்மாவுக்கு முதியோர் உதவித்தொகை நின்றுபோனது. திங்கட்கிழமை மனு கொடுக்க கலெக்டர் ஆபீஸ் போனேன். வாசலில் உட்கார்ந்து பேப்பரை எடுத்தேன், பொருள் வரைக்கும் எழுதிவிட்டேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. என்ன நடந்தது என்று வாயால் ஒரு மணி நேரம் சொல்லுவேன், எழுத வரவில்லை. கடைசியில் மரத்தடியில் மனு எழுதுகிறவரிடம் நூறு ரூபாய் கொடுத்து எழுதி வாங்கினேன். அவர் எழுதியதில் எங்கள் அம்மா கதை பாதிதான் இருந்தது.

பள்ளிக்கூடத்தில் நான் எழுதிய கடிதம் எல்லாம் சுற்றுலா போக அனுமதி கேட்டு, நூலகம் வேண்டி, அப்படி. நான் சுற்றுலா போனதே இல்லை. எங்கள் வீட்டில் நடந்ததை எழுது என்று ஒரு நாளாவது யாராவது சொல்லியிருந்தால் அந்தத் திங்கட்கிழமை அப்படி உட்கார்ந்திருக்க மாட்டேன். அந்த ஆட்டுக்குட்டிப் பையனை விட்டுவிடாதீர்கள் டீச்சர்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

தம்பி எழுதியதற்கு மேல் எனக்கு ஒன்றும் இல்லை. பத்தாம் வகுப்பு எடுப்பவர் கேட்டதற்கு மட்டும் பதில்.

ஐயா, உங்கள் கவலை உண்மை. திருத்தும் முகாமில் உட்கார்ந்தவன்தான் நானும். பத்தாம் வகுப்பு ஜனவரியில் மாதிரிக் கட்டுரை கொடுப்பதை நான் தடுக்கவில்லை, அது கடைசி நேரத்துக் கஞ்சி. ஆனால் ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது என்று நான்கு வருடம் இருக்கிறதே, அந்த நான்கு வருடமும் ஏன் ஜனவரியாக இருக்க வேண்டும்? 2012-13ல் முப்பருவமும் தொடர் மதிப்பீடும் வந்தபோது வகுப்பிலேயே நடத்திப் பார்க்கிற வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ முடிவில் எழுதுகிற தொகுத்தறித் தேர்வுக்கு 60 என்று பிரித்தார்கள். அந்த 40ல் பாதி செயல்பாட்டுக்கு. அதை நாம் என்ன செய்தோம்? சார்ட் ஒட்டச் சொன்னோம், படம் வெட்டி ஒட்டச் சொன்னோம், கடைசியில் எல்லோருக்கும் 18, 19 போட்டு முடித்தோம். நானும் போட்டிருக்கிறேன். சொந்தமாக எழுதுவதை அந்தச் செயல்பாடாக வைக்க யாரும் தடை சொல்லவில்லை. பத்து மதிப்பெண் என்றால் சொல்ல வந்த செய்திக்கு 5, கோவையாகச் சொன்னதற்கு 3, பிழையில்லாமல் எழுதியதற்கு 2 என்று பிரித்துப் பாருங்கள். அந்தப் பையனுக்கு முதல் தடவை 5, 3, 0 கிடைக்கும். வருடக் கடைசியில் அந்த 0 எங்கே போகிறது என்று பாருங்கள். தன்னிடம் எது குறை, எது குறையில்லை என்று அவனுக்கே தெரியும்.

பத்தாம் வகுப்பு எடுப்பவர்

மதிப்பெண்ணைப் பிரிப்பது நல்ல யோசனைதான். ஒன்பதாம் வகுப்பில் செய்து பார்க்கிறேன். படம் பார்த்து எழுதும் கேள்வியையும் கொஞ்சம் மாற்றிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. அந்த நாலு வரிக் கவிதையைத் தடை செய்யப்போவதில்லை, பயந்த பிள்ளைக்கு அது வேண்டும். ஆனால் முதலில் படத்தில் என்ன தெரிகிறது என்று மூன்று வரி, அப்புறம் வேண்டுமானால் அது.

நடைமுறைக் கேள்வி ஒன்று. ஆய்வுக்கு வருகிற அதிகாரி நோட்டைத் திறந்து, பிழை அப்படியே இருக்கிறது, திருத்தவே இல்லை என்று கேட்டால்? எனக்கு அப்படி நடந்திருக்கிறது. ஒரு பிள்ளை நோட்டை வகுப்பு முன்னாலேயே தூக்கிக் காட்டினார். அதற்கு அப்புறம்தான் நான் எல்லாவற்றையும் சிவப்பாக்க ஆரம்பித்தேன்.

ஈராசிரியர் பள்ளி

சார், நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். இந்த மாதம் இந்த நோட்டில் பார்ப்பது ண்ட, ந்த, ன்ற மட்டும், அடுத்த மாதம் ல, ள, ழ என்று தேதி போட்டு, தலைமையாசிரியர் கையெழுத்தோடு. எங்கள் வட்டார வள மையத்திலிருந்து வந்த ஆசிரியர் பயிற்றுநர் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. காகிதத்தில் இருந்தால் மதிக்கிறார்கள். ஒவ்வொரு நோட்டிலும் கையெழுத்து, தேதி, கீழே படித்ததற்கு அடையாளமாக ஒரு வரி. 190 நோட்டுக்கு ஒரு வரி எழுத, பதினான்கு வட்டம் போடுவதைவிட நேரம் குறைவுதான் ஆகும்.

எட்டாம் வகுப்பு ஆ பிரிவு

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுதப் பத்து நாள் ஆகிவிட்டது, செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

போன திங்கட்கிழமை அந்தப் பையனைத் தனியாகக் கூப்பிட்டு, 'நீ முதலில் எழுதினாயே, அதை நான் சரியாகப் படிக்கவில்லை, தப்பு என்னுடையது' என்று சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றான். வகுப்பில் நீயே வாசிக்கிறாயா என்றேன், மாட்டேன் என்றான். சரி, நான் வாசிக்கட்டுமா என்றதற்கு ஒன்றும் சொல்லவில்லை, அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு வாசித்தேன், அவன் எழுதியபடியே. 'நா கூப்டேன் வரல' என்று முடித்ததும் வகுப்பு அப்படியே அமைதியாக இருந்தது. அப்புறம் மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண், 'இன்னொரு குட்டி என்னாச்சுடா?' என்று அவனிடமே கேட்டாள். நான் எந்தக் கட்டுரைக்கும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வியாழக்கிழமை அவனாக அரைப்பக்கம் எழுதிக் கொண்டுவந்தான். மிச்சமிருந்த குட்டிக்கு ஃபீடிங் பாட்டிலில் பால் கொடுத்தது, அது இவன் சட்டைப் பட்டனைக் கடித்தது, எல்லாம் இருந்தது. வண்டு, பந்து, கன்று பலகை ஓரத்தில் இன்னும் இருக்கிறது. அந்த அரைப்பக்கத்தில் மூன்று இடத்தில் இரண்டு என்ற சொல் வருகிறது. இரண்டு இடத்தில் 'ரெண்டு', ஒரு இடத்தில் 'ரென்டு'. அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துக் கொடுத்திருக்கிறேன். 'கடிச்சுச்சி' என்று எழுதி அடித்துவிட்டு அவனே 'கடித்தது' என்று எழுதியிருக்கிறான், அது நான் சொன்னதில்லை.

நோட்ஸ் பார்த்து எழுதுகிற மற்ற பிள்ளைகள் இன்னும் அப்படியேதான் இருக்கிறார்கள். ஐந்தாறு பேர் மட்டும் 'டீச்சர், எங்க வீட்டுக் கதையும் எழுதலாமா' என்று கேட்டிருக்கிறார்கள். அதில் ஒரு பெண் எழுதியதை வகுப்பில் வாசிக்க முடியாது, அது வேறு விஷயம், தலைமையாசிரியையிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். எழுதச் சொன்னால் இதுவும் வரும் என்று முன்னமே யோசித்திருக்க வேண்டும். இப்போது யாருடைய நோட்டையும் அவர்களைக் கேட்காமல் வாசிப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

ஈராசிரியர் பள்ளி டீச்சர், அஞ்சலகத்தில் 40 அட்டை வாங்கி வைத்திருக்கிறேன். உங்கள் ஐந்தாம் வகுப்புக்கு எங்கள் எட்டாம் வகுப்பு எழுதலாமா? பள்ளி முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.